காலில் தொடங்கிய மனிதன்: ஆதி மூதாதையர் மாறிவந்த வரலாறு

பள்ளி அறிவியல் வகுப்பறைச் சுவர்களில் ஒரு படம் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். இடப்பக்கம் குனிந்த குரங்கு ஒன்று நிற்கும். அடுத்தடுத்த உருவங்கள் சிறிது சிறிதாக நிமிரும். கடைசியில் இன்றைய மனிதன் நேராக நடந்து செல்வான். 1965-இல் அமெரிக்காவில் வெளியான ‘ஆதி மனிதன்’ என்ற நூலுக்காக ருடால்ஃப் ஸாலிங்கர் வரைந்த ஓவியம்தான் இதன் மூலம். அதில் பதினைந்து உருவங்கள் இருந்தன. பிறகு வந்த படங்கள் அதை ஐந்தாறாகச் சுருக்கிக்கொண்டன.

நானும் பல ஆண்டுகள் இந்தப் படத்தைக் காட்டியே பாடம் நடத்தியவன். படத்தில் முதுகு நிமிர நிமிர, தலையும் கூடவே பெரிதாகிறது. கையில் ஆயுதமும் வந்துவிடுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் மாறியதாக மாணவர் மனத்தில் பதிந்துவிடும். உண்மையில் நடந்தது அப்படி அன்று. நம் மூதாதையர் முதலில் இரண்டு கால்களில் நடந்தார்கள். நெடுங்காலம் கழித்தே கல்லை உடைத்துக் கருவி செய்தார்கள். மூளை பெரிதானது அதற்கும் பிறகு. மாற்றங்கள் வந்த இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் மனிதப் பரிணாமத்தின் பாதி புரிந்துவிடும். அறிஞர்களே இந்த வரிசையைத் தலைகீழாக நம்பி, நாற்பது ஆண்டுகள் வழிதவறினார்கள். அந்தக் கதையிலிருந்தே தொடங்கலாம்.

மூளை முதலா, கால் முதலா?

சார்லஸ் டார்வின் 1871-இல் மனிதனின் தோற்றம் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது, ஆதி மனிதனின் புதைபடிவம் என்று காட்ட ஏறக்குறைய எதுவுமே இல்லை. 1856-இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த சில எலும்புகள் மட்டும் விவாதத்தில் இருந்தன. ஆயினும் டார்வின் ஒன்றை ஊகித்தார். மனிதனுக்கு மிக நெருங்கிய விலங்குகளான கொரில்லாவும் சிம்பன்சியும் ஆப்பிரிக்காவில் வாழ்வதால், நம் பழைய மூதாதையரும் அங்கேயே வாழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார்.

ஆனால் தேடல் ஆப்பிரிக்காவில் தொடங்கவில்லை. டச்சு ராணுவ மருத்துவராகச் சென்ற யூஜீன் டுபுவா, ஜாவாத் தீவின் டிரினில் என்ற இடத்தில் 1891-இல் ஒரு மண்டையோட்டின் மேற்பகுதியையும் அடுத்த ஆண்டு ஒரு தொடையெலும்பையும் கண்டெடுத்தார். மண்டையோடு சிறியது, தொடையெலும்போ நிமிர்ந்து நடந்த ஒருவருடையது. இன்று ஹோமோ எரெக்டஸ் என்று அழைக்கப்படும் இனத்தின் முதல் சான்று இதுவே. சிறிய மூளையோடு நிமிர்ந்து நடந்த ஓர் உயிரை ஏற்றுக்கொள்ள அன்று பலர் தயங்கினர்.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. மனிதனை மனிதனாக்கியது அறிவு. ஆகவே முதலில் பெருத்தது மூளையாகத்தான் இருக்கவேண்டும் என்று பெரிய உடற்கூறியலாளர்கள் பலர் கருதினர். கிராஃப்டன் எலியட் ஸ்மித் இந்தக் கருத்தின் முக்கியக் குரல். மூளை வழிகாட்ட, உடல் பின்தொடர்ந்தது என்பது அவர் வாதம்.

இந்த நம்பிக்கைக்கு ஏற்ற ‘சான்று’ 1912-இல் கிடைத்தது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பில்ட்டவுன் என்ற ஊரின் சரளைக் குழியிலிருந்து எடுத்ததாக, சார்லஸ் டாசன் என்ற வழக்கறிஞர் சில எலும்புகளைக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஸ்மித் உட்வர்டு அவற்றை ஆராய்ந்து அறிவித்தார். மண்டையோடு மனிதனுடையதைப் போலப் பெரியது. தாடை குரங்கினுடையதைப் போன்றது. எதிர்பார்த்தபடியே பெரிய மூளை முதலில் வந்திருக்கிறது! அதுவும் இங்கிலாந்து மண்ணிலேயே! அறிஞர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

1953-இல் உண்மை வெளிப்பட்டது. ஜோசப் வீனர், கென்னத் ஓக்லி, லெ கிராஸ் கிளார்க் ஆகிய மூவரும் அந்த எலும்புகளைச் சோதித்தனர். மண்டையோடு சில நூறு ஆண்டுகளே பழமையான மனிதனுடையது. தாடை ஒராங்குட்டானுடையது. பற்கள் மனிதப் பற்களைப் போலத் தோன்றும்படி அரத்தால் ராவப்பட்டிருந்தன. பழமை தெரியவேண்டும் என்பதற்காக எலும்புகளுக்குச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. மோசடி செய்தவரின் சாமர்த்தியம் ஒருபுறம் இருக்கட்டும். தாம் கேட்க விரும்பியதையே அந்த எலும்புகள் சொன்னதால்தான் அறிஞர்கள் அவற்றை நாற்பது ஆண்டுகள் நம்பினார்கள்.

டாங் குழந்தை

பில்ட்டவுன் புகழோடு இருந்த காலத்திலேயே, உண்மையான சான்று ஒன்று தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. ஜோகன்னஸ்பர்க் நகரின் விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்துவந்த ரேமண்ட் டார்ட்டுக்கு, 1924-இல் டாங் என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து கற்கள் வந்து சேர்ந்தன. ஒரு கல்லுக்குள் சிறிய முகம் ஒன்று பதிந்திருந்தது. மனைவியின் பின்னல் ஊசிகளைக் கூர்தீட்டி, வாரக்கணக்கில் கல்லைச் சுரண்டி அந்த முகத்தை வெளியே எடுத்தார். பால்பற்கள் மாறாத ஒரு குழந்தையின் முகம் அது.

டார்ட் கவனித்தது மண்டையோட்டின் அடிப்பகுதியை. மூளையிலிருந்து தண்டுவடம் இறங்கும் பெருந்துளை, நாலுகால் விலங்குகளுக்குத் தலையின் பின்பக்கம் தள்ளி இருக்கும். மனிதனுக்கு அது தலையின் அடியில், நடுவை ஒட்டி இருக்கும். தலை முதுகெலும்பின் மேல் குடம்போல நேராக அமர்வதற்கு அதுவே வசதி. டாங் குழந்தைக்கும் துளை முன்னால் தள்ளியே இருந்தது. மூளையோ குரங்குக்குட்டியின் அளவு. அப்படியானால் இது நிமிர்ந்து நடந்த, சிறு மூளை கொண்ட உயிர். 1925 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் டார்ட் இதற்கு ஆஸ்ட்ரலோபித்தேகஸ் ஆப்பிரிக்கானஸ் என்று பெயரிட்டார். ‘ஆப்பிரிக்காவின் தென்புறக் குரங்கு’ என்று பொருள்.

லண்டன் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. இது வெறும் குரங்குக்குட்டி என்றார்கள். குட்டிக் குரங்கின் முகம் எப்போதும் மனித முகத்தை ஒத்திருக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். டார்ட் தனித்து நின்றார். ராபர்ட் புரூம் என்ற முதியவர் மட்டும் அவருக்குத் துணையாக வந்தார். மருத்துவராக இருந்து புதைபடிவ ஆய்வுக்கு வந்த புரூம், வளர்ந்த ஆஸ்ட்ரலோபித்தேகஸின் எலும்புகளை 1936-இல் ஸ்டெர்க்ஃபான்டைன் குகையில் கண்டார். 1938-இல் கிராம்டிராய் என்ற இடத்தில் மற்றோர் இனமும் கிடைத்தது. அதன் பற்களை முதலில் பொறுக்கிவைத்திருந்தவன் ஒரு பள்ளிச் சிறுவன். சான்றுகள் குவியவே, டார்ட்டைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவரான ஆர்தர் கீத், டார்ட் சொன்னதே சரி என்று 1947-இல் அதே ‘நேச்சர்’ இதழில் ஒப்புக்கொண்டார். தவறை வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அறிவியலின் நல்ல வழக்கம். ஆனால் அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

நடையை எலும்பு எப்படிச் சொல்கிறது?

ஒரு விலங்கு இரண்டு கால்களில் நடந்ததா என்பதை எலும்பை வைத்து அறியலாம். மண்டையோட்டுத் துளையை மேலே பார்த்தோம். இடுப்பெலும்பு மற்றொரு சாட்சி. சிம்பன்சிக்கு அது உயரமாகவும் தட்டையாகவும் இருக்கும். மனிதனுக்குக் குட்டையாகி, கிண்ணம்போல வளைந்து, மேலுடலின் பாரத்தைத் தாங்கும். தொடையெலும்பு இடுப்பிலிருந்து முழங்காலை நோக்கி உட்புறமாகச் சாய்ந்து இறங்கும். அதனால்தான் ஒரு காலைத் தூக்கும்போது நாம் பக்கவாட்டில் ஆடுவதில்லை. பாதத்தில் பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து முன்னோக்கி நிற்கும். உள்ளங்காலில் வளைவு இருக்கும்.

1974 நவம்பர் 24 அன்று எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் டொனால்டு ஜோஹான்சன் கண்ட எலும்புக்கூட்டில் இவற்றில் முக்கியமானவை இருந்தன. சுமார் 40 விழுக்காடு எலும்புகள் கிடைத்த அந்தப் பெண் உருவுக்கு, அன்றிரவு முகாமில் ஒலித்த பீட்டில்ஸ் பாடலை ஒட்டி ‘லூசி’ என்று பெயர் வந்தது. எத்தியோப்பிய மக்கள் அவளை ‘தின்கினேஷ்’ என்பார்கள். அம்ஹாரிக் மொழியில் ‘நீ அற்புதமானவள்’ என்று பொருள். 32 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த லூசியின் உயரம் சுமார் 1.1 மீட்டர்தான். அவளுடைய இனமான ஆஸ்ட்ரலோபித்தேகஸ் அஃபாரென்சிஸின் மூளை சராசரியாக 450 கன செ.மீ. அளவு, சிம்பன்சியைவிடச் சற்றே பெரிது. ஆனால் இடுப்பும் முழங்காலும் நடக்கப் பிறந்தவளுடையவை. அதே சமயம் நீண்ட கைகளும் வளைந்த விரல் எலும்புகளும் மரமேறும் பழக்கத்தின் அடையாளங்களாக இருந்தன.

அதற்கும் மேலான சான்று தான்சானியாவின் லேட்டோலியில் கிடைத்தது. 36 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன், எரிமலைச் சாம்பல் விழுந்து படிந்த தரையில் மழை பெய்தது. ஈரச் சாம்பலில் பல விலங்குகள் நடந்தன. அவற்றோடு இரண்டு கால்களில் சிலரும் நடந்து சென்றார்கள். சாம்பல் சிமென்ட் போல இறுக, மேலே மேலே வேறு சாம்பல் படிந்து தடங்களைக் காப்பாற்றியது. 1978-இல் மேரி லீக்கியின் குழு அவற்றை வெளிக்கொணர்ந்தது. சுமார் 27 மீட்டர் நீளத்துக்குச் செல்லும் தடத்தில் குதிகால் முதலில் ஊன்றியதும், பெருவிரல் முன்னோக்கி நின்றதும் தெரிகின்றன. ஆற்று மணலில் நாம் நடந்தாலும் ஏறக்குறைய இதே தடம்தான் விழும். பெரிய மூளை வருவதற்குப் பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகவே பாதம் ஏறத்தாழ மனிதப் பாதமாகியிருந்தது.

ஏன் நிமிர்ந்தார்கள்?

காடு அழிந்து புல்வெளி பரவியதால், உயரமான புல்லுக்கு மேல் பார்க்க நிமிர்ந்தார்கள் என்று பழைய பாடநூல்கள் சொல்லும். 2009-இல் விரிவாக வெளியிடப்பட்ட ‘ஆர்டி’ என்ற எலும்புக்கூடு இந்த விளக்கத்தைத் திருத்தியது. டிம் வைட் தலைமையிலான குழு எத்தியோப்பியாவில் கண்ட இந்த ஆர்டிபித்தேகஸ் ராமிடஸ் 44 இலட்சம் ஆண்டுகள் பழமையானது. அதன் இடுப்பு தரையில் இரண்டு கால்களில் நடக்க இடம்கொடுத்தது. பாதத்தின் பெருவிரலோ கைக் கட்டைவிரல்போல விலகி நின்று கிளையைப் பற்றியது. கூடவே கிடைத்த விலங்கு, தாவர எச்சங்கள் அது மரங்கள் நிறைந்த பகுதியில் வாழ்ந்ததைக் காட்டின. ஆகவே திறந்த புல்வெளிக்கு வருமுன்பே, மரங்களுக்கிடையே வாழ்ந்த காலத்திலேயே இரண்டு கால் நடை தொடங்கிவிட்டது. சாட் நாட்டில் மிஷேல் புருனே குழு 2001-இல் கண்ட சஹேலாந்த்ரோபஸ் மண்டையோடு சுமார் 70 இலட்சம் ஆண்டுகள் பழமையானது. அதிலும் பெருந்துளை முன்தள்ளி இருப்பதால், அது நிமிர்ந்து நடந்ததா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

பின்னர் ஆப்பிரிக்காவின் தட்பவெப்பம் வறண்டு, மரங்கள் விலகி, புல்வெளி விரிந்தபோது இந்த நடை பெரும் பயன் தந்தது. மரத்துக்கு மரம் தொலைவு கூடியது. சிம்பன்சி நடப்பதற்குச் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மனித நடைக்குப் போதும் என்று 2007-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. குறைந்த உணவில் நெடுந்தூரம் போக முடிந்தவர்கள் பிழைத்தார்கள். கைகளும் உணவையும் குழந்தையையும் சுமக்க விடுபட்டன. கருவி செய்வதற்காகவே கைகள் விடுபட்டன என்று சொல்லக்கூடாது. கைகள் விடுபட்டுப் பல இலட்சம் ஆண்டுகள் ஆன பிறகே உடைத்த கற்கள் தென்படுகின்றன. இயற்கை எதிர்காலத்துக்குத் திட்டம் போடுவதில்லை. அன்றன்றைக்கு உதவியது தங்கியது.

பல் காட்டும் இரு வழிகள்

வறட்சி வந்தபோது எல்லாரும் ஒரே வழியில் மாறவில்லை. ஒரு கிளையினர் தாடையையும் கடைவாய்ப் பற்களையும் பெருக்கிக்கொண்டனர். 1959-இல் தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி கண்ட மண்டையோடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இன்று பராந்த்ரோபஸ் போய்சி எனப்படும் அதன் கடைவாய்ப் பற்கள் நம்முடையவற்றைவிட மிகப் பெரியவை. மெல்லும் தசைகள் பற்றிக்கொள்ள மண்டையின் உச்சியில் எலும்பு முகடே இருந்தது. ‘கொட்டை உடைப்பவன்’ என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். ஆனால் பற்களில் உள்ள கார்பன் வகைகளை ஆராய்ந்தபோது, அது புல், கோரை போன்ற தாவரங்களையே பெருமளவு தின்றது தெரியவந்தது.

மற்றொரு கிளையில் பற்கள் சிறுத்தன. பல்லின் வேலையைக் கல் செய்தது. அந்தக் கிளைதான் நம்முடையது. இரு கிளையினரும் ஒரே நிலத்தில் பல இலட்சம் ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தார்கள். பெரிய பல்லோர் தோற்றவர்கள் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. அவர்கள் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் தழைத்த இனம். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் அதில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக்கூட இன்னும் கடக்கவில்லை.

கல்லை உடைத்த கை

கல்லைக் கல்லால் அடித்துக் கூரிய செதில் எடுப்பது எளிய வேலை போலத் தோன்றும். செய்து பார்த்தால்தான் தெரியும். எந்தக் கல், எந்தக் கோணம், எவ்வளவு வலு என்பது கைக்கும் கண்ணுக்கும் பழக வேண்டும். கென்யாவின் துர்க்கானா ஏரிக்கு மேற்கே லொமெக்வி என்ற இடத்தில் சோனியா ஹார்மாண்டு குழு கண்டு 2015-இல் வெளியிட்ட கற்கருவிகள் 33 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை. ஹோமோ இனத்தின் எலும்பு எதுவும் அவ்வளவு பழமையாகக் கிடைக்கவில்லை. எத்தியோப்பியாவின் கோனாவில் 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நன்றாகவே செதுக்கத் தெரிந்திருந்தது. கூரிய செதில் ஒன்று கையில் இருந்தால் தடித்த தோலை அறுக்கலாம். கனத்த கல்லால் எலும்பை உடைத்து மஜ்ஜையை எடுக்கலாம். புலியின் பல்லும் கழுதைப்புலியின் தாடையும் இல்லாத ஓர் உயிருக்கு இவை இரண்டும் கல்லிலிருந்து கிடைத்தன.

1964-இல் லூயிஸ் லீக்கியும் அவருடைய தோழர்கள் இருவரும் ஓல்டுவாய் எலும்புகளுக்கு ஹோமோ ஹேபிலிஸ், அதாவது ‘கைத்திறன் கொண்ட மனிதன்’ என்று பெயரிட்டனர். இங்கே ஒரு சிக்கல். மூளை 750 கன செ.மீ. அளவைத் தாண்டினால்தான் ‘ஹோமோ’ என்று அழைக்கலாம் என ஆர்தர் கீத் முன்பு கோடு கிழித்திருந்தார். ஹேபிலிஸின் மூளை அதை எட்டவில்லை. லீக்கி குழு கோட்டை 600-க்கு இறக்கியது. மனிதன் எங்கே தொடங்குகிறான் என்ற எல்லை இயற்கையில் எழுதிவைத்திருக்கவில்லை. அதை நாம் வரைகிறோம், சான்று வரும்போது மாற்றியும் வரைகிறோம்.

நீண்ட காலும் நெடும்பயணமும்

கென்யாவின் புகழ்பெற்ற புதைபடிவத் தேடுநர் கமோயா கிமேயு, 1984-இல் துர்க்கானா ஏரியின் மேற்கே நரியோகொடோமி என்ற இடத்தில் ஒரு சிறு மண்டையோட்டுத் துண்டைக் கண்டார். தோண்டத் தோண்ட ஏறத்தாழ முழு எலும்புக்கூடே வெளிவந்தது. 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு சிறுவன். பற்களின் வளர்ச்சியைப் பார்த்தால் எட்டு, ஒன்பது வயதுதான் இருக்கும். உயரமோ சுமார் 1.6 மீட்டர். மூளை 880 கன செ.மீ.

இந்த ‘துர்க்கானா சிறுவன்’ ஹோமோ எரெக்டஸ் காலத்து உடலைக் காட்டுகிறான். கால்கள் நீண்டும் கைகள் ஒப்பீட்டில் குட்டையாகவும் ஆகிவிட்டன. மரத்து வாழ்க்கை முடிந்துவிட்டது. ஒல்லியான உயர்ந்த உடல் வெப்பத்தை விரைவில் வெளியேற்றும். உடல்ரோமம் குறைந்து வியர்வை பெருகியதும் இந்தக் காலத்தை ஒட்டியே நடந்திருக்கும் என்பது பல ஆய்வாளர் கருத்து. நண்பகல் வெயிலில் மற்ற வேட்டை விலங்குகள் நிழலில் படுத்திருக்கும்போது நெடுந்தூரம் நடக்கவும் ஓடவும் முடிந்தது பெரிய வசதி.

அந்தக் கால்கள் ஆப்பிரிக்காவைத் தாண்டின. ஜார்ஜியா நாட்டின் திமானிசியில் கிடைத்த மண்டையோடுகள் ஏறத்தாழ 18 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை. அவற்றுள் மிகச் சிறியதன் மூளை 550 கன செ.மீ. அளவுதான். ஆக, கண்டம் தாண்டிப் போகவும் பெரிய மூளை தேவைப்படவில்லை! அங்கே கிடைத்த இன்னொரு மண்டையோடு மனத்தைத் தொடுவது. முதிய ஒருவர்; பற்கள் அநேகமாக எல்லாமே விழுந்து, பற்குழிகள் எலும்பால் மூடியிருந்தன. பல் விழுந்த பிறகும் அவர் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தார் என்பது இதனால் தெரிகிறது. மென்மையான உணவை அவரே நசுக்கித் தின்றிருக்கலாம்; அல்லது உடனிருந்தவர்கள் ஊட்டியிருக்கலாம். இரண்டாவதாக இருந்தால், மனித அன்பின் மிகப் பழைய தடயங்களில் அதுவும் ஒன்று.

இந்தப் பயணத்தின் ஒரு சுவடு தமிழ்நாட்டிலும் உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கமும் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. அங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நடத்திய அகழாய்வில் கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் வெளியிட்டனர். துர்க்கானா சிறுவன் வாழ்ந்த காலமும் ஏறக்குறைய அதுவே. கருவி செய்தவர்களின் எலும்பு அத்திரம்பாக்கத்தில் கிடைக்கவில்லை. அவர்கள் கையின் திறம் கல்லில் இருக்கிறது.

நெருப்பும் பெரிய மூளையும்

மூளை வளர்ச்சி கடைசியாக வேகம் பிடித்தது. சிம்பன்சிக்கு 400, அஃபாரென்சிஸுக்கு 450, ஹேபிலிஸுக்கு 600, எரெக்டஸுக்கு 900 அளவில் இருந்த மூளை, நமக்குச் சராசரியாக 1,350 கன செ.மீ. ஆகிறது. மூளை நம் உடல் எடையில் 2 விழுக்காடுதான். ஓய்வாக இருக்கும்போதும் உடலின் ஆற்றலில் 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு தின்னும் உறுப்பைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாது. இறைச்சி, மஜ்ஜை, கிழங்கு என்று சத்தான உணவு தொடர்ந்து கிடைத்தவர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

நெருப்பு இங்கே உதவியது. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய சாம்பலும் கருகிய எலும்பும் கிடைத்துள்ளன. சமைத்த கிழங்கு விரைவில் செரிக்கும். மெல்லும் நேரம் குறையும். பல்லும் குடலும் சிறிதாக இருந்தாலும் போதும். இரவில் வெளிச்சமும் காவலும் கிடைத்தன. அடுப்பைச் சுற்றி அமர்ந்த கூட்டத்தில் பேச்சும் பழக்கமும் வளர்ந்திருக்க வேண்டும். கால் கொடுத்த கை, கை கொடுத்த கல், கல்லும் நெருப்பும் கொடுத்த உணவு, உணவு கொடுத்த மூளை என்று சங்கிலி நீள்கிறது.

ஏணி இல்லை, கிளைத்த மரம்

“குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் சார் இன்னும் இருக்கிறது?” என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பார். நல்ல கேள்வி. இன்றைய சிம்பன்சியிலிருந்து நாம் வரவில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது. ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இருவர் இருந்தால், ஒருவர் மற்றவரிடமிருந்து பிறந்தவர் ஆகமாட்டார் அல்லவா? அதுபோலத்தான்.

நம் கிளையிலேயே பல சிறு கிளைகள் இருந்தன. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் 2003-இல் கண்டறிந்த ஹோமோ ஃபுளோரெசியென்சிஸ் சுமார் ஒரு மீட்டர் உயரமே. மூளை 400 கன செ.மீ. சொச்சம். அந்தச் சிறு மூளையோடும் கற்கருவி செய்தது. தென்னாப்பிரிக்காவின் ஹோமோ நாலெடி, சிறிய மூளையோடு சுமார் 3 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை வாழ்ந்தது. அதே காலத்தில் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் நம் இனத்தின் தொடக்ககால மனிதர்கள் இருந்தார்கள். ஐரோப்பாவில் நியாண்டர்தால் மனிதர்கள். ஒரே நேரத்தில் பல வகை மனிதர்கள் உலகில் உலவினார்கள்.

சில கிளைகள் முற்றாகப் பிரிந்தும் போகவில்லை. நியாண்டர்தால் மரபணுத் தொகுதியை ஸ்வாண்டே பாபோ குழு 2010-இல் வெளியிட்டபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் மரபணுவில் நியாண்டர்தால் பங்கு இருப்பது தெரிந்தது. பிந்தைய கணக்குகள் அதை 1 முதல் 2 விழுக்காடு என்கின்றன. இந்தியர்களுக்கும் இது பொருந்தும். தூய இனம் என்று பெருமை பேசுவோர் இதை ஒருமுறை படிக்கலாம்.

நாம் கொடுக்கும் விலை

பழைய உடலைத் திருத்தியே புதிய உடல் உருவானது என்பதால் குறைகளும் நம்மோடு வந்தன. கிடைமட்டமாக இருந்த முதுகெலும்பை நிமிர்த்தியதால் அது அடிமுதுகில் வளைந்து பாரம் சுமக்கிறது. முதுகுவலியும் தேய்ந்த முழங்காலும் அதன் விளைவுகள். நடைக்கேற்பக் குறுகி வளைந்த இடுப்பின் வழியே பெரிய தலை கொண்ட குழந்தை வெளிவர வேண்டியிருப்பதால், மனிதப் பேறுகாலம் மற்றக் குரங்கினங்களைவிடக் கடினமாயிற்று. குழந்தையும் மூளை முழுதாக வளரும் முன்பே பிறந்து, பல ஆண்டுகள் பிறர் கையில் வளர்கிறது. அந்த நீண்ட குழந்தைப்பருவமே கற்பதற்கான காலமும் ஆயிற்று. ஆசிரியர்களாகிய எங்களுக்கு வேலை கிடைத்ததே அதனால்தான் என்று வகுப்பில் சொல்வதுண்டு.

ஒரு நாளில் எழுபது இலட்சம் ஆண்டுகள்

70 இலட்சம் ஆண்டுகளையும் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையான ஒரு நாளாகச் சுருக்கிப் பார்ப்போம். லேட்டோலியில் கால் பதிந்தது முற்பகல் பதினொன்றரை மணிக்கு. லொமெக்வியில் கல் உடைந்தது பிற்பகல் பன்னிரண்டே முக்கால் அளவில். எரெக்டஸ் தோன்றியது மாலை ஐந்தரைக்கு. வொண்டர்வெர்க் குகையில் நெருப்பு எரிந்தது இரவு எட்டரைக்கு. நம் இனம் பதினொரு மணிக்கு வந்தது. உழவும் ஊரும் நாள் முடியக் கடைசி இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

இந்த நாளில் மிகப் பெரும் பகுதியைக் கழித்தவர்கள் சிறு மூளையோடு நடந்தவர்கள். அவர்கள் நாமாக ஆவதற்குக் காத்திருக்கவில்லை. தம் காலத்துக்கேற்ப நடந்து, தின்று, குழந்தைகளைச் சுமந்து வாழ்ந்தார்கள். வகுப்பறைப் படத்தை இனியும் மாட்டலாம், கழற்ற வேண்டியதில்லை. மாணவர்கள் அதைப் பார்க்கும்போது, முதலில் தலையைப் பார்க்காமல் பாதத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கதை அங்கேதான் தொடங்குகிறது.